தொட்டில் வளையில் குடிவந்தது

சாய்ந்தமருது

அன்பு மகள் றுஸ்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்துக்கும் வயிற்றுப் பிள்ளையின் சுகத்துக்கும் ஐந்து வேளையும் துஆக் கேட்கும் வாப்பா ஜவுபர் எழுதுவது. போனில் சொன்னால் உம்மாவின் காதில் விழும் என்பதால், கொழும்புக்கு வரும் நஸீரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிள்ளைப்பேற்றுக்கு வரும் உனக்கென்று முன்னறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன் அல்லவா, அங்கே தொட்டில் கட்டவிருந்த கூரை வளையில் விரல் நுழையுமளவுக்கு வட்டமாய் ஓர் ஓட்டை. கீழே மரத்தூள். கன்னங்கரிய பெரிய வண்டொன்று உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. வண்டு வளையைக் குடைந்து கோறையாக்கிவிடும், பிள்ளையோடு தொட்டில் விழும் என்று பயந்துவிட்டேன். கல்முனைக்குப் போய் வண்டு மருந்து வாங்கி வந்து கதிரையில் ஏறினேன். அது வண்டில்லை, தேனீச் சாதி என்றா உன் உம்மா. இவ்வளவு பெரிய தேனீயா என்று நான் சிரிக்க, வேறொன்று பறந்து வந்து மூக்குக்கு நேரே நின்று இரைந்தது. கதிரையோடு விழுந்தேன். இடுப்பில் சின்னக் கண்டல்தான். உம்மா மருந்தை ஒளித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் மரவேலை செய்யும் ஓடாவி குணத்தைக் கூட்டி வந்து வளையைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓட்டையிலிருந்து வெளியே வந்ததைக் கிளாசால் மூடிக் காட்டினார். வண்டென்றால் முதுகில் கெட்டியான ஓடிருக்குமாம், பறக்கும் செட்டையை அதற்குள் மடித்து வைக்குமாம். இதற்கு ஓடில்லை, ஊதாவாய் மினுங்கும் செட்டை வெளியிலேயே இருந்தது, காலெல்லாம் பூவின் மஞ்சள் தூள். வண்டுப் புழுதான் மரத்தைத் தின்று உள்ளே மாவாக்குமாம், இந்த மரத்தேனீ முட்டையிட அறை மட்டும் குடையுமாம். என் மூக்குக்கு நேரே நின்றது ஆணாம், அதற்குக் கொடுக்கே கிடையாதாம். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

வளை உறுதிதான், ஓட்டையை அடைக்கட்டுமா என்று குணம் கேட்டார். ஓம் என்றேன்.

"நம்மட புள்ளையும் அதுக்குத்தானே வாறா," என்றா உம்மா. "இதுவும் புள்ளப் பெறத்தான் வந்திரிக்கி. கொஞ்ச நாள் இரிக்கட்டும்."

இரண்டு நாளைக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அது, மகள். ஓட்டையை அடைக்க விடாமல் குணத்தை அனுப்பிவிட்டேன், முன்னறை இப்போது தேனீக்கு. எங்கள் அறையை உனக்கு ஒழித்துத் தந்து நாங்கள் ஹோலுக்கு மாறிவிட்டோம். தரையில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் உன்னை ஏசிய உம்மா, இப்போது தினமும் மரத்தூளை வாய் திறக்காமல் கூட்டுறா.

மருமகனுக்கு ஸலாம் சொல். பாரமான எதையும் தூக்காதே. றப்பு உங்கள் மூவரையும் காப்பானாக.

வாப்பா

பி.கு.: உம்மா கடிதத்தைப் பிடித்துவிட்டா. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எழுதும் விஷயமா இது என்று ஏசுறா. ஆகவே ஓட்டையும் இல்லை, தேனீயும் இல்லை, நான் விழவும் இல்லை. வந்தால் முன்னறைக் கதவை மட்டும் மெல்லச் சாத்து.