நண்டுச் சதையும் பால் புட்டியும்

ஒவ்வோர் ஊரிலும் ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்வதற்கென்றே ஒருவர் இருக்கிறார். கூரையில் மின்கம்பி அறுந்து தொங்கினாலும், குடிநீர்த் தொட்டியில் பாசி பிடித்தாலும், மருந்துக் குப்பியில் தேதி கடந்து ஓராண்டு ஆகியிருந்தாலும் அவருடைய தீர்ப்பு ஒன்றே. ஆராய்ச்சி? தேவையில்லை. சாட்சி? அவரே. “நாங்கெல்லாம் இதுலயே வளரலையா?” என்று மார்பைத் தட்டிக் காட்டுவார். வளராமற் போனவர்கள் வந்து மறுத்துப் பேசுவதில்லை என்பது அவருக்குள்ள பெரும் வசதி.

தொண்டியில் இந்த இனத்தின் தலைமகன் நண்டு வியாபாரி சூசைமுத்து. நீலக்கால் நண்டை அவித்து, சதை எடுத்து, ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்புவது தொழில். தம் ஆறு மாதப் பேத்தி ஆஸ்லினுக்கு அவர் திருவிழாக் கடையில் ஒரு பால் புட்டி வாங்கி வந்தார். பிளாஸ்டிக். கிளிப்பச்சை நிறம், வயிற்றில் மீன் படம். செய்தவர் பெயரோ தர முத்திரையோ எங்கும் கிடையாது. வெந்நீர் ஊற்றினால் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாற்போல ஒரு வாடை மட்டும் தவறாமல் வந்தது.

மருமகள் ஜோஸ்லின் மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலெல்லாம் பிள்ளைக்குப் பால் மாவு கரைத்துக் கொடுக்கப்போகிறவர் மாமனார்தான். ஆகவே அவள் புட்டியையும், சங்குபோலப் பால் புகட்டும் ஓர் எவர்சில்வர் பாலாடையையும் எடுத்துக்கொண்டு நண்டுக் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

“மாமா, இதுல சுடுதண்ணி ஊத்தாதீக. மட்டமான பிளாஸ்டிக்குல சூடு பட்டா, அதுல உள்ள கெமிக்கலு பாலுல எறங்கும்னு டாக்டரம்மா சொன்னாக. இந்தப் பாலாடையில குடுங்க.”

“ஒண்ணும் ஆகாதும்மா. ஒம் புருசன டீசல் கேன வெட்டி, அதுல ஒக்காத்தி வச்சுத்தான் குளிப்பாட்டுனேன். இன்னைக்கி மஸ்கட்ல கிரேன் ஓட்டலையா?”

“வாடை அடிக்குதே மாமா!”

“புதுசுன்னா அடிக்கத்தான் செய்யும். பத்துத் தடவ கழுவுனாப் போயிரும்.”

கவனியுங்கள். இந்த இனம் வாடையை மறுப்பதில்லை. அதற்குத் தவணை கொடுக்கும். அந்தத் தவணை யாருடைய வயிற்றில் கழியும் என்பதை மட்டும் சொல்லாது.

அதற்குள் கொட்டகையின் மறுகோடியில், வேலைக்கு வரும் கலைச்செல்வி, அவித்த நண்டை ஆவி பறக்கப் பறக்க ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பேசினில் கொட்டினாள். சூசைமுத்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்.

“ஏ புள்ள! சூட்டோட பிளாஸ்டிக்குலயா கொட்டுற? அந்த வாடை அம்புட்டும் சதையில ஏறுமே! எவர்சில்வர் தட்டு எங்க? கம்பெனிக்காரன் மோந்து பாத்தான்னா மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிருவான்!”

“புதுப் பேசினு மொதலாளி. பத்துத் தடவ கழுவிட்டுத்தான் எடுத்தேன்.”

“நூறு தடவ கழுவு! சூடு பட்டா எறங்கத்தான் செய்யும்!”

ஜோஸ்லின் பச்சைப் புட்டியை அந்தச் சிவப்புப் பேசினுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அப்ப இது, மாமா?”

சூசைமுத்துவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. முப்பது ஆண்டுத் தொழிலில் இத்தனை எளிய செய்தியை ஒருவருக்கு விளக்க நேர்ந்ததில்லை. பொறுமையாகவே சொன்னார்: “அது அமெரிக்காக்காரன் திங்கிற சரக்கும்மா. இது நம்ம வீட்டுப் பிள்ளதான?”

கலைச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோஸ்லின் சிரிக்கவில்லை. நண்டு உடைக்கும் கத்தியை எடுத்துப் புட்டியை இரண்டாகப் பிளந்தாள். பாலாடையை மாமனார் கையில் வைத்தாள்.

“நாளையிலருந்து ஆஸ்லினையும் ஏத்துமதிச் சரக்குன்னே நெனச்சுக்கங்க.”

டாக்டர் சொல் ஏறாத காதில் அந்த ஒரு சொல் ஏறியது. மறுநாள் பாலாடையைக் கொதிநீரில் போட்டெடுத்து, கம்பெனி அதிகாரி எதிரே நிற்பது போன்ற பணிவுடன் பேத்திக்குப் பால் புகட்டினார். பிளந்த புட்டியை மட்டும் எறியவில்லை. பசை போட்டு ஒட்டினால் அடுத்த பேரனுக்கு ஆகுமாம். ஒன்றும் ஆகாதாம்.

சிரிக்கிறீர்களா? நன்று. சிரித்து முடித்ததும் உங்கள் சமையலறைக்குச் செல்லுங்கள். எலுமிச்சை ஊறுகாய் பீங்கான் ஜாடியில் இருக்கும். பிளாஸ்டிக்கில் போட்டால் கெட்டுவிடும் என்று நீங்களே தேடி வாங்கிய ஜாடி. அதன் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் பிள்ளையின் பால் புட்டியை எடுங்கள். அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று என்றைக்காவது திருப்பிப் பார்த்ததுண்டா?

இல்லையென்றால், தொண்டியில் உங்களுக்கு ஓர் உறவினர் இருக்கிறார்.