யாரும் தோற்காத சனிக்கிழமை

பாலச்சந்திரன் இரண்டு குரல் செய்திகளைப் பதிந்து தயாராக வைத்திருந்தார். ஒன்று மஞ்சள் கழகம் வென்றால் அனுப்ப, மற்றது நீலக் கழகம் வென்றால் அனுப்ப. இரண்டிலும் வென்றவருக்கு வாழ்த்தும் தோற்றவருக்கு ஆறுதலும் பக்குவமாகக் கலந்திருந்தன. ஆட்டம் சமநிலையில் முடியவும் கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“அண்ணை, ஏன் வெண்டிக்காய்ப் பெட்டிக்கு மேலை இருக்கிறியள்?” என்று கேட்டான் லோறன்ஸ்.

பாரிஸின் லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் இருவருக்கும் வேலை. லோறன்ஸ் மன்னார்க்காரன். ஊரில் யாருக்கு என்ன பிரச்சினை வந்தாலும் கேட்காமலே ஆலோசனை சொல்லக்கூடிய தாராள மனம் படைத்தவன்.

“முடிஞ்சுது, லோறன்ஸ்” என்றார் பாலச்சந்திரன், கையிலிருந்த போனைப் பார்த்தபடி.

“ஆர் வெண்டது?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப ஆர் தோத்தது?”

“நான்தான்.”

அவருக்கும் அவுஸ்திரேலியக் கால்பந்துக்கும் அதுவரை ஒட்டுமில்லை, உறவுமில்லை. உறவு தேடிப் போன இடத்தில்தான் அது வந்து ஒட்டிக்கொண்டது. மகள் கஜந்தினிக்கு மெல்பேர்னில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்திருந்தான். பெயர் தனோஜன், கணக்காளர் வேலை, அதிர்ந்து பேசாத பிள்ளை. சாதகம் பொருந்தியது. அதைவிட முக்கியமாக, பிள்ளைகள் இரண்டும் மாதக்கணக்காகப் போனில் கதைத்து ஒன்றையொன்று விரும்பத் தொடங்கியிருந்தன. கஜந்தினி இப்போதெல்லாம் பாத்திரம் கழுவும்போதுகூடச் சிரித்துக்கொண்டு கழுவினாள். அந்தச் சிரிப்புக்காக பாலச்சந்திரன் எதையும் செய்வார், எதையும் சொல்லுவார்.

சொன்னதுதான் வினையாகப் போனது.

மாப்பிள்ளையின் தகப்பன் ஞானசுந்தரத்தார் ஒரு நாள் போனில் கேட்டார், “தம்பி, இஞ்சை எங்கட ஊரிலை ரெண்டு கழகம் இருக்கு, மஞ்சள், நீலம். நீங்கள் எந்தப் பக்கம்?” அவர் குரலில் இருந்த பாசத்தை வைத்தே கணக்குப் போட்டு, “மஞ்சள்தான் அண்ணை, வேறை என்ன இருக்கு?” என்றார் பாலச்சந்திரன். அடுத்த கிழமை மாப்பிள்ளையின் தாய் இந்திராதேவி அதே கேள்வியைத் தனியாகக் கேட்டார். அவர் நீலக் கழகத்தின் சிற்றுண்டிச்சாலையில் றோல்ஸ் பொரித்துக் கொடுக்கிறவர் என்று தெரிந்ததும், “எனக்குச் சின்ன வயசிலையிருந்து நீலமெண்டால் உயிர் அக்கா” என்றார். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டாருக்கு ‘ஓம்’ போடுவது நம்மவர் வழக்கம். பாலச்சந்திரன் அதை இரண்டு தடவை போட்டார், அவ்வளவுதான். போதாக்குறைக்கு இருவரிடமும், “நீங்கள் வெண்டால் ரூ பஜோல் கோயில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்” என்று நேர்த்தியும் வைத்தார்.

சண்டை வரும் என்று அந்தப் புருசனும் பெண்சாதியும் வீட்டில் பந்தைப் பற்றியே பேசுவதில்லை. அந்தப் புண்ணியத்தில் அவருடைய குட்டு இவ்வளவு நாளும் வெளிப்படவில்லை. இந்தச் சனிக்கிழமை அந்த இரண்டு கழகமும் மோதின. “ஆட்டம் முடிய ஆறுதலா இருந்து கதைச்சு, கலியாணத்துக்கு நாள் குறிப்பம்” என்று ஞானசுந்தரத்தார் சொல்லியிருந்தார். மெல்பேர்னில் பின்னேரம் என்றால் பாரிஸில் காலை. பாலச்சந்திரன் கடை முதலாளியின் கண்ணில் படாமல், கறிவேப்பிலைக் கட்டுகளுக்கு நடுவில் போனைச் சாய்த்து வைத்து முழு ஆட்டத்தையும் நேரலையில் பார்த்தார்.

கடைசி நொடியில் மஞ்சள் ஒரு புள்ளி பின்னால் நின்றது. மஞ்சள்காரன் ஒருவன் விழுந்துகொண்டே பந்தை உதைத்தான். அதே கணத்தில் ஆட்டம் முடிந்ததற்கான சங்கும் ஊதியது. பந்து நடுக் கம்பங்களுக்கிடையில் சுத்தமாகப் போனால் ஆறு புள்ளி, கம்பத்தில் பட்டால் ஒரேயொரு புள்ளி. கம்பத்தடியில் வெள்ளைத் தொப்பியை முகம் மறைய இழுத்து விட்டபடி நின்ற, புள்ளியைத் தீர்மானிக்கும் கொடிக்காரன் கம்பத்தைத் தட்டிக் காட்டினான். பிறகு ஒரு விரலைத் தூக்கி, ஒற்றைக் கொடியை ஆட்டினான். சமநிலை. விளையாடினவர்கள் அப்படியே புல்லில் விழுந்தார்கள். பார்க்க வந்தவர்கள் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

“இதுக்கேன் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறியள்?” என்றான் லோறன்ஸ். “ரெண்டு பேரும் தோக்கேல்லை. அப்ப ரெண்டு பேரும் வெண்டமாதிரித்தானே? ரெண்டு பேருக்கும் வாழ்த்துச் சொல்லுங்கோ.”

பாலச்சந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளையாரே பார்த்துச் செய்த வேலை! உடனே குரலில் சர்க்கரையைக் கலந்து, “அண்ணை, அக்கா, ரெண்டு பேருக்கும் வாழ்த்துக்கள்! இதைவிட ஒரு நல்ல முடிவு உலகத்திலை உண்டோ?” என்று அனுப்பிவிட்டார்.

மறு நிமிடமே போன் அடித்தது. ஞானசுந்தரத்தார்.

“தம்பி, செத்த வீட்டுக்கு வந்து வாழ்த்துச் சொல்லுவியளோ?”

“அண்ணை...”

“வெண்டால் ஒரு கிழமைக்குச் சந்தோசமா இருக்கலாம். தோத்தால் ரெண்டு நாள் அழுது முடிக்கலாம். இதை என்ன செய்யிறது? சிரிக்கவும் வழியில்லை, அழவும் வழியில்லை. நெஞ்சுக்கை வந்து நிக்குது. அது கம்பத்திலை படேல்லைத் தம்பி! முழு ஆறு புள்ளி! நீங்கள் பாத்தனீங்கள்தானே?”

“ஓம் அண்ணை, வடிவாப் பாத்தனான். கம்பத்துக்குக் கிட்டவும் போகேல்லை. நாங்கள்தான் வெண்டது.”

“கேட்டியோ? பாரிஸிலை இருந்து பாக்கிற மனுசனுக்கே தெரியுது!” என்று ஞானசுந்தரத்தார் பக்கத்தில் யாரிடமோ சொன்னார்.

“தம்பி,” என்று இந்திராதேவியின் குரல் வந்தது. இருவரும் ஒரே காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். “உங்களுக்குச் சின்ன வயசிலையிருந்து நீலமெல்லோ உயிர்?”

பாலச்சந்திரன், “ஹலோ? ஹலோ? கேக்கேல்லை அக்கா” என்று சொல்லிப் போனை வைத்தார்.

அப்போதுதான் கஜந்தினியின் குரல் செய்தி வந்து கிடந்ததைக் கண்டார். பொபினியில் மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தவள் அவசரத்தில் கதைத்திருந்தாள். “அப்பா, சில்த்துப்ளே, தயவுசெய்து அவையோடை மாட்சைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காதேங்கோ. ஏனெண்டு பின்னேரம் வந்து சொல்லுறன்.”

“இதைக் கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாம் பிள்ளை” என்று பாலச்சந்திரன் போனுக்குச் சொன்னார்.

லோறன்ஸ் விடவில்லை. “தகப்பனைச் சமாளிச்சாச்சு. இப்ப தாயைச் சமாளியுங்கோ. அவவுக்கும் ஏதாவது ஞாயம் இருக்குமெல்லோ?”

இருந்தது. சங்கு ஊதின பிறகுதான் பந்து காலை விட்டுப் போனது, ஆகவே அந்த ஒரு புள்ளியே செல்லாது, வென்றது நீலம் என்று இந்திராதேவி அதற்குள் எழுதி அனுப்பியிருந்தார். பாலச்சந்திரன் அவருக்குத் தனியாக ஒரு செய்தி பதிந்தார். “அக்கா, அண்ணையின்ரை மனம் நோகக்கூடாதெண்டு அப்பிடிச் சொன்னனான். உள்ளதைச் சொன்னால் சங்கு முதல்லை, உதை பிறகு. என்ரை காது பொய் சொல்லாது. வெண்டது நாங்கள்தான்.”

இந்திராதேவி அதைக் கேட்டார். ஒரு தடவை கேட்டு மனம் ஆறவில்லை. அதனால் புருசனுக்கும் சத்தமாகப் போட்டுக் காட்டினார்.

ஞானசுந்தரத்தாரிடமிருந்து எழுத்தில் பதில் வந்தது. “தம்பி, உங்கட வாய் ஒருத்தருக்கு ஒரு கதை சொல்லுது. இப்பிடியான இடத்திலை சம்பந்தம் வைக்கிறதெண்டால் யோசிக்கத்தான் வேணும்.”

பாலச்சந்திரன் எடை போட்ட கத்தரிக்காயை வாடிக்கையாளரிடம் கொடுக்காமல் தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பிரெஞ்சுப் பெண்மணி பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, இனிக் கதை உதவாது, காரியம்தான்” என்றான் லோறன்ஸ். “ரெண்டு பேருக்கும் நேர்த்தி வைச்சியள்தானே? ஒரு தேங்காயை ரெண்டு பேருக்கும் பொதுவா உடைச்சு, வீடியோ எடுத்து அனுப்புங்கோ. பிள்ளையாருக்கு முன்னாலை ஆர் கோவிக்கிறது?”

மூளை கலங்கிய மனிதனுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான். பாலச்சந்திரன் கடையிலிருந்தே ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு ரூ பஜோல் கோயிலுக்கு ஓடினார். ஒரு கையில் போன், மறு கையில் தேங்காய். முதல் எறியில் அது உடையவில்லை, உருண்டு ஓடியது. துரத்திப் பிடித்து மறுபடி எறிந்தார். அதுவும் சரிவரவில்லை. கடைசியில் அது சிதறியபோது, களைப்பில் அவரை அறியாமலே ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. நாலைந்து சிறுசுகள் கைதட்டினார்கள். எல்லாம் வீடியோவில் அழகாக விழுந்திருந்தது.

அனுப்பினார். பதில் உடனே வந்தது, முதல் தடவையாக இருவரும் சேர்ந்து எழுதியது.

“எங்கட வயிறு எரியுது. நீங்கள் வடிவாக் கொண்டாடுங்கோ.”

பாலச்சந்திரன் கடைக்குத் திரும்பி, பின்னறையில் அரிசி மூட்டையொன்றில் இருந்தார். உண்மையாகவே பயம் பிடித்துக்கொண்டது. பின்னேரம் கஜந்தினி வந்து, “என்ன அப்பா, நாள் குறிச்சாச்சோ?” என்று கேட்பாள். அவளுடைய அந்தச் சிரிப்பைத் தன் வாயே தின்றுவிட்டது என்று நினைக்க அவருக்குக் கண் கலங்கியது. மனைவி யசோதாவிடம் சொல்லி அழலாமென்றால், அவள் ஹோட்டல் வேலையில், போனைப் பூட்டி வைத்துவிட்டு அறை அறையாகக் கட்டில் விரித்துக்கொண்டிருப்பாள்.

அந்த மூட்டையின்மேல் இருக்கும்போதுதான் அவருக்கு, லோறன்ஸின் உதவி இல்லாமலே, ஒரு ஞானம் பிறந்தது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் ஒத்துப்போகிற ஒரே விசயம் என்ன? அந்தக் கொடிக்காரன்! இருவருடைய வயிற்றெரிச்சலும் அவன் ஆட்டிய அந்த ஒற்றைக் கொடியிலிருந்துதான் புறப்பட்டது.

வீடியோவில் அழைத்தார். மெல்பேர்னில் இரவுச் சாப்பாட்டு நேரம். ஞானசுந்தரத்தாரும் இந்திராதேவியும் சோபாவின் இரண்டு அந்தத்திலும், இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணை, அக்கா, நான் ஒண்டே ஒண்டு சொல்லிப்போட்டு வைக்கிறன். மஞ்சளிலையும் பிழையில்லை, நீலத்திலையும் பிழையில்லை. எல்லாப் பிழையும் அந்தக் கொடிக்காரனிலை.”

இருவரும் முகத்தைத் திருப்பி ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சொல்லுங்கோ தம்பி” என்றார் ஞானசுந்தரத்தார்.

“கண் என்ன பிடரியிலையோ அவனுக்கு? படாத பந்தைப் பட்டதெண்டு கையைக் காட்டுறான்!”

“கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ. வீடு முழுக்கக் கேக்கட்டும்” என்றார் அவர்.

“காதும் இல்லை அவனுக்கு!” பாலச்சந்திரன் எழுந்து நின்றே கத்தினார். “சங்கு ஊதின பிறகு ஏன் கொடியைத் தொடுறான்?”

“அப்பிடிக் கேளுங்கோ தம்பி!” இந்திராதேவி சோபாவின் நடுவுக்கு நகர்ந்து வந்தார். “இதைத்தான் நானும் பின்னேரம் தொடக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறன். பதில் இல்லை.”

“தொப்பியை இழுத்து விட்டிட்டு நித்திரை கொண்டிருக்கிறான் அக்கா. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்த்தவையைச் சொல்லவேணும்!”

“சீச்சீ, வளர்த்தவை பாவம்” என்றார் இந்திராதேவி அவசரமாக. “அவை ஒழுங்காத்தான் வளர்த்திருப்பினம்.”

“அவையை விடுங்கோ தம்பி, அவனைச் சொல்லுங்கோ” என்றார் ஞானசுந்தரத்தார்.

பாலச்சந்திரன் சொன்னார். இதற்கு முன் அவர் யாரையும் அப்படித் திட்டியதில்லை. கடையின் முன்பக்கத்தில் மாம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திட்டத் திட்ட சோபாவில் இருந்தவர்கள் நெருங்கி நெருங்கி வந்தார்கள். கடைசியில் ஞானசுந்தரத்தார் மனைவியின் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார். இந்திராதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தம்பி, நெஞ்சுக்கை நிண்டது இப்பத்தான் இறங்கினது” என்றார் ஞானசுந்தரத்தார். “முந்தி எழுதினதை மறந்திடுங்கோ. நீங்கள் எங்கட ஆள். கலியாணத்தைத் தை மாசத்திலை வைப்பம், என்ன?”

“வைப்பம் அண்ணை! வைப்பம்!”

பாலச்சந்திரனுக்கு அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்து ஆடவேண்டும் போலிருந்தது. கதவடியில் நின்ற லோறன்ஸ் கையெடுத்துக் கும்பிட்டு, போனை வைக்கும்படி சைகை காட்டினான். அன்று முழுவதும் அவன் சொன்ன ஆலோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான். சந்தோசம் தலைக்கேறியிருந்த பாலச்சந்திரன் அதை மட்டும் கேட்கவில்லை.

“அது சரி அண்ணை,” என்றார் சிரித்துச் சிரித்து, “உப்பிடிக் கண்ணும் காதும் இல்லாத ஒருத்தனுக்கு இந்த உலகத்திலை ஆர்தான் பொம்பிளை குடுக்கப் போகினம்?”

சோபாவுக்குப் பின்னாலிருந்த அறைக் கதவு திறந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தியபடி தனோஜன் வெளியே வந்தான். வழக்கம்போல் அதிர்ந்து பேசாமல், திரைக்குக் கிட்ட வந்து குனிந்து சொன்னான்:

“நீங்கள்தான் மாமா, தை மாசத்திலை. அந்தக் கொடியைப் பிடிச்சது நான்.”