ஒலிக்கக் கூடாத தகடு

ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் எனக்குத் தலைக்கனம் அதிகம். கனம் மட்டும்தான், உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை.

அலுமினியத்துக்குள் ஒருவகைப் பீங்கான் பொடியைக் கலந்துவிட்டால், தட்டும்போது எழும் அதிர்வை அந்தப் பொடியே விழுங்கிவிடும். இயந்திரங்கள் இரையாமல் ஓடும். இதுதான் என் ஆராய்ச்சி. கல்லூரி உலை படுத்துவிட்டதால், திருவொற்றியூரில் வார்ப்புப் பட்டறை வைத்திருந்த ரஃபீக் மாமாவிடம் போனேன். அம்மாவின் தம்பி. முப்பது வருடமாக அலுமினியம் உருக்குபவர்.

இது என்ன பொடி என்று கேட்டார்.

"சொன்னா உங்களுக்குப் புரியாது மாமா" என்றேன். (இன்று நினைத்தாலும் என்னை நானே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.)

உருகிய அலுமினியத்தில் பொடியைக் கொட்டி, வேர்க்க விறுவிறுக்கக் கலக்கினேன். கலந்துவிட்டது என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, பேராசிரியருக்குப் போன் செய்ய வெளியே போனேன். கன்டெய்னர் லாரிகளின் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அதனால் மூன்று முறை பெருமையடித்தேன். திரும்பி வருவதற்குள் மாமா தகட்டு அச்சில் ஊற்றி முடித்திருந்தார்.

மறுவாரம் ஆய்வுக் குழு. அன்று தேறாவிட்டால் என் பதிவே ரத்தாகிவிடும். சாதா அலுமினியம் மணிபோல ஒலிக்கும், என்னுடையது 'தொப்'பென்று அடங்கிவிடும் என்று அரைமணி நேரம் அளந்துவிட்டு, சுத்தியலால் தகட்டைத் தட்டினேன்.

டங்ங்ங் என்றது. நிற்கவே இல்லை. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பீரியட் முடிந்துவிட்டதென்று எழுந்து வெளியே வந்தார்கள். குழுவினர் இரக்கப்பட்டு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள்.

அழுதுகொண்டே பட்டறைக்குப் போனேன். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீ அந்தாண்ட போனதும் பொடியெல்லாம் மேல வந்து கலீஜா மெதந்துகினு இருந்துச்சும்மா. வழிச்சுப் போட்டுட்டு சுத்தமா ஊத்துனேன். உன் படிப்பு மேட்டராச்சே."

ஊற்றும் முன் கசடை வழித்தெறிவது எந்த வார்ப்புக்காரருக்கும் கைப்பழக்கம். மிதந்தது கசடல்ல, என் மூன்று வருடம் என்று அவருக்கு யார் சொன்னது? விஷயத்தைச் சொன்னதும், பொடியை நன்றாகச் சுட வைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்ட பொடி மிதக்காமல் கலந்தது. அப்படித்தான் பட்டம் வாங்கினேன்.

அந்தப் பழைய தகடு இன்றும் பட்டறை வாசலில் தொங்குகிறது. டீ வந்தால் மாமா அதைத்தான் தட்டுவார். இது இன்னா தகடு பாய் என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்டால், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்:

"சொன்னா உனக்குப் பிரியாதுபா."