பெட்ரோ அண்ணையின் இரட்டைக்குழல்

மனைவிக்குப் பிடித்த துவக்கைத் தேடி ரொறொன்ரோவைச் சுற்றியுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கிய மனிதர் இந்த உலகத்தில் பெட்ரோ அண்ணை ஒருவராகத்தான் இருக்க முடியும். சேலைக்கு அப்படி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சோபாவுக்கு அலைந்த ஒருவர் என் சொந்தக்காரர். துவக்குக்கு, அதாவது சுடுகிற துப்பாக்கிக்கு, அலைந்தவர் இவர் மட்டும்தான். அந்த அலைச்சலில் பாதிக்கு நானும் துணை போனவன் என்பதால் சாட்சி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருக்கிற மாடிக் கட்டடத்தில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். அதுவரை அவர் கையில் பிடித்த ஆகப் பெரிய ஆயுதம் தேங்காய் உடைக்கிற கத்திதான். அதையும் அவருடைய மனைவி மலர் அக்கா வாங்கி வைத்துவிடுவார், கையை வெட்டிக்கொள்வார் என்று.

எல்லாவற்றுக்கும் காரணம் 401 நெடுஞ்சாலை. அஜக்ஸில் பெறாமகள் வீட்டுப் பிறந்தநாளுக்கு, மடியில் வடைச் சட்டியோடு மலர் அக்காவை ஏற்றிக்கொண்டு போனவர், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். வழி கேட்கலாம் என்று ஒரு வயல்வெளியில் காரை நிறுத்தினால், அங்கே பெரிய தொப்பியும் தோல் அங்கியும் சலங்கை கட்டிய சப்பாத்துமாகக் கனபேர் நின்று இரும்புத் தகடுகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்களாம். பழைய காலத்துக் கௌபோய் மாதிரி உடுத்திக்கொண்டு, அந்தக் காலத்து மாதிரித் துவக்குகளால், மணிக்கூட்டில் நேரம் பிடித்துச் சுடுகிற ஒரு விளையாட்டு அது. என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க அண்ணை இறங்கினார். பிறந்தநாளுக்குப் போய்ச் சேரவில்லை. வடையைக் கௌபோய்கள் சாப்பிட்டார்கள்.

அந்த விளையாட்டில் சேருகிறவர் ஒவ்வொருவரும் தனக்கு ஒரு பட்டப்பெயர் வைக்க வேண்டும். ஒருவர் வைத்ததை இன்னொருவர் வைக்கக்கூடாது. அண்ணை யோசித்துக்கொண்டு போன வீரப் பெயரெல்லாம் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. கடைசியில், தான் பிறந்த பருத்தித்துறையின் ஆங்கிலப் பெயரைப் பிடித்து, ‘பொயின்ற் பெட்ரோ பீற்’ என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வெள்ளைக்காரரும் சந்தேகப்படவில்லை. அது மெக்சிக்கோ பக்கமோ என்று ஒருவர் கேட்டதற்கு, கொஞ்சம் கிழக்கே தள்ளி என்று பதில் சொன்னாராம். அன்றிலிருந்து எங்கள் மாடி முழுவதற்கும் அவர் பெட்ரோ அண்ணை.

பெயர் கிடைத்தது, தொப்பி கிடைத்தது. மற்றத் துவக்குகளை இரவல் தரவும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். இரட்டைக்குழல் துவக்கு மட்டும் அவரவர் தோளுக்கும் கைக்கும் பொருந்தச் சொந்தமாக வேண்டும் என்றார்கள். அண்ணை அதை வீட்டில் சொன்ன நேரம் நானும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மலர் அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம்.

“உள்ளுக்கை ஒண்டுமில்லை, வெறும் துவக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் ஒருத்தன் விளையாடினவன். காலிலை வெடி பட்டு என்ரை தம்பி இண்டைக்கும் நொண்டுறான்” என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்வையை வைத்துக்கொண்டேன். பிறகு மலர் அக்காவே மனம் இறங்கி வந்தார்.

“வாங்கிறதெண்டா வாங்குங்கோ. ஆனா உள்ளுக்கை ஒண்டுமில்லை எண்டு நான் என்ரை கண்ணாலை பாக்கவேணும். ஒவ்வொரு முறையும். நீங்கள் சொல்லி நான் நம்பமாட்டன்.”

அண்ணையின் முகத்தை நான் பார்த்தேன். துவக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்கமாட்டார். இத்தனை வருசம் குடும்பம் நடத்திய மனுசனுக்கு, அந்தக் கடைசி வசனம்தான் நெஞ்சில் போய் இருந்தது.

லைசென்ஸ் எடுக்க வகுப்புக்குப் போனார், சோதனை பாஸ் பண்ணினார். பிறகு கடை ஏறத் தொடங்கினோம். எந்தக் கடையிலும் முதலில் இத்தாலித் துவக்கைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். விலையைக் கேட்டதும் அண்ணை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார். அடுத்தது துருக்கி. மலிவு, பார்க்கவும் வடிவு. ஆனால் ரெக்ஸ்டேல் பக்கக் கடையில் காட்டியது, திறந்தவுடன் வெற்றுத் தோட்டாவைத் தானே தூக்கி எறிகிற வகை. அவருடைய விளையாட்டில் அது கூடாது. கையால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உதறி விழுத்த வேண்டும். மூன்றாவது சீனத் துவக்கு. பின்னால் இரண்டு சுத்தியல் காது மாதிரி நிமிர்ந்து நிற்கும். விலை கைக்கு அடக்கம். ஆனால் புதுசு என்பதால் திறக்க முழங்காலின் உதவி தேவைப்பட்டது. பாவிக்கப் பாவிக்க இளகும் என்று கடைக்காரர் சொன்னார். மலர் அக்கா அதுவரை பொறுக்கமாட்டார் என்று அண்ணை சொன்னார். கடைக்காரருக்கு என்ன விளங்கியதோ, தலையை மட்டும் ஆட்டினார்.

அண்ணை வெண்டிக்காய் நுனியை முறித்துப் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றையும் திறந்து திறந்து வைத்தார். எனக்கென்றால் ஒரே ஆச்சரியம். இது எவ்வளவு தூரம் சுடும், எப்படி அடிக்கும் என்று ஒரு கடையிலாவது அவர் கேட்கவில்லை. எவ்வளவு அகலமாய்த் திறக்கும், திறந்தது திறந்தபடி நிற்குமோ என்பதுதான் கேள்வி.

கடைசியில் ஒரு கடையின் கீழ்த்தட்டில் ஒன்று கிடந்தது. அதுவும் சீனாதான், ஆனால் யாரோ பாவித்தது. பிடிக்கட்டை முழுக்கக் கீறல். அண்ணை திறக்கிற நெம்புகோலைத் தள்ளியதும் தானாகவே இரண்டாக மடிந்து தொங்கியது. உடனே மலர் அக்காவுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தார். கடைக்காரரைத் துவக்கின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திறந்த பக்கத்தில் போனை வைத்தார்.

“வடிவாப் பாரும். தெரியுதோ?”

“ஒரு ஓட்டையிலை வெளிச்சம் தெரியுது. மற்றதிலை என்ன அடைச்சுக்கொண்டு நிக்குது?”

அடைத்துக்கொண்டு நின்றது கடைக்காரரின் பெருவிரல். நான் சொல்ல அவர் விரலை எடுத்தார்.

“ஆ, இப்ப ரெண்டிலையும் அந்தாளின்ரை சிவப்புச் சட்டை தெரியுது. உது நல்லது. உதை எடுங்கோ.”

வீட்டுக்குப் புதுசாய் எது வந்தாலும் கோயிலில் பூசை செய்கிற வழக்கம் நமக்கு. அண்ணை குருக்களிடம் போய்க் கேட்டார். கார் என்றால் வாசலுக்குக் கொண்டுவரலாம், இதை வீட்டிலேயே பூட்டி வையுங்கோ, படம் ஒன்று கொண்டுவந்தால் அர்ச்சனை செய்து தாறன் என்று குருக்கள் சொல்லிவிட்டார். அண்ணை படத்தைச் சட்டம் போட்டு, மாலையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். மாலை போட்ட படம் செத்தவர்களுக்குத்தான் என்று மலர் அக்கா மாலையைப் பறித்துச் சாமிக்குப் போட்டார்.

முதல் போட்டிக்கு நானும் போனேன். பெட்ரோ அண்ணை கடைசி இடத்தில் வந்தார். அடுத்ததிலும் கடைசி. வெற்றுத் தோட்டா குழலுக்குள் ஒட்டிக்கொள்ள, அவர் அதோடு நியாயம் பேசிக்கொண்டு நிற்பார். ஆனால் அங்கே எல்லாரும் காத்திருந்தது அதற்குப் பிறகு நடப்பதற்குத்தான். சுட்டு முடிந்ததும் துவக்கைத் திறந்து ஒரு மேசையில் வைக்க வேண்டும். போட்டிக்குப் பொறுப்பானவர் குனிந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகும் அண்ணை அசையமாட்டார். மலர் அக்கா மடக்குக் கதிரையிலிருந்து எழும்பி, சேலையை ஒதுக்கிக்கொண்டு வந்து, இரண்டு குழலுக்குள்ளும் பார்த்து, “ஓம்” என்று ஆமோதிப்பார். முதலில் சிரித்தார்கள். போகப் போக மற்றக் கௌபோய்களும் தங்கள் துவக்குகளை அவரிடம் காட்டி ஓம் வாங்காமல் மேசையை விடுவதில்லை. வீட்டிலும் அப்படித்தான். ஓம் விழுந்தால்தான் பெட்டி பூட்டப்படும்.

இரண்டு கோடைகாலம் இப்படியே போனது. போன வருசக் கடைசிப் போட்டியில் அண்ணை வழக்கம்போலத் துவக்கைத் திறந்து வைத்துவிட்டு நின்றார். மலர் அக்கா தூரத்தில் யாரோ ஒரு கௌபோய்க்குச் சம்பல் உறைக்குமோ உறைக்காதோ என்று விளக்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் திரும்பாமலே, “ஓம், ஓம்” என்றார்.

அண்ணை விடவில்லை. “மலர், வந்து பாரும்.”

“நீங்கள் பாத்தனீங்கள்தானே. அது காணும், போதும்.”

அண்ணை துவக்கை மூடவில்லை, எடுக்கவுமில்லை. பின்னால் வரிசை நீண்டது. பொறுப்பானவர் என்ன பிரச்சினை என்று என்னைப் பார்த்தார். நான் கிட்டப் போய் அண்ணையின் தோளில் கையை வைத்தேன்.

“தம்பி, கேட்டனியோ? பாக்காமல் ஓம் எண்டிட்டாள்.”

கேட்டேன் என்றேன். என்ன சொன்னாள் என்று திரும்பவும் கேட்டார். நீங்கள் பார்த்தது காணுமாம் என்று சொன்னேன். இன்றைக்கும் மாடிப்படியில் கண்டால் கேட்கிறார், நானும் சொல்லுகிறேன். அந்த மனிதர் எத்தனை தரம் கேட்டாலும் எனக்குச் சலிக்காது.