பூஜ்ஜியத்தை விட்ட இருபத்து மூன்று பேர்

தனக்குத் தப்பே வராது என்று நம்பிய ஒரு கணக்கு வாத்தியாரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவருக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

மலேசியாவில், பீடோர் பக்கம் ஓர் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த புதிது. புள்ளியியலில் மாணவர்கள் எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டுபிடித்து, ஈப்போ ஆசிரியர் கூட்டத்தில் பேசியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பழகிய விஷயமாக இருக்கட்டுமே என்று கேள்வியில் ரப்பர் மரத்தை நட்டேன். (நான் வளர்ந்தது ஈப்போ டவுனை ஒட்டிய குனோங் ராபாட். பால் மரம் எனக்குக் கார் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம்.) ஒருவர் ஏழு நாளில் எடுத்த பால், கிலோவில்: 13, 15, 0, 14, 16, 0, 12. வேலை நாளொன்றுக்குச் சராசரி என்ன?

என் விடை பத்து. முப்பது பேரில் இருபத்து மூன்று பேர் பதினான்கு என்று எழுதியிருந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சராசரி போடும்போது பூஜ்ஜியத்தை விட்டுவிடுவது பேர்போன தவறு. அத்தனை பேருக்கும் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு போட்டேன்.

ஈப்போவில் யார் பேசுவது என்று முடிவு செய்ய ஓர் அதிகாரி வந்தார். அவர் முன்னால், பதினான்கு என்று எழுதிய மேகலாவை வெண்பலகைக்கு அழைத்தேன். அவள் அப்பா அம்மா இருவரும் மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள். எழுபதை ஐந்தால் வகுத்தாள்.

“ஏழால வகுக்கணும்மா.”

“அஞ்சுதான் சார்.”

“பூஜ்ஜியமும் ஒரு எண்தானே?”

“எண்தான் சார். அந்த ரெண்டு நாளும் மழ பேஞ்சிருக்கும் லா. பட்ட நனஞ்சா யாரு சார் மரம் வெட்டுவா? எங்கம்மா அன்னிக்கி வீட்லதான் இருக்கும்.”

நான் விடவில்லை. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஐந்து.

அதிகாரி கேள்வித்தாளை நிதானமாகப் படித்தார். “வேலை நாளொன்றுக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? பிள்ளைங்க சரியாத்தான் போட்டிருக்காங்க. பத்துன்னு எழுதின ஏழு பேரு யாரு?”

“டவுன் பிள்ளைங்க சார்.”

“உங்களயும் சேத்தா எட்டு.”

மானம் கப்பலேறிவிட்டது. ஈப்போ அவ்வளவுதான் என்று நினைத்தேன். அனுப்பினார், தலைப்பை மட்டும் மாற்றி: ‘கேள்வி எழுதும் ஆசிரியர்களின் தவறான புரிதல்கள்’. ஒரே உதாரணம் நான். சனிக்கிழமை வகுப்பும் நடந்தது, அந்த ஏழு பேருக்கு.

கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்த ஓர் ஆசிரியை இப்போது என் மனைவி. தினமும் சராசரி நாற்பது நிமிடம் நடக்கிறேன் என்று நான் யாரிடமாவது பெருமையடித்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்:

“மழ நாள சேத்தா, சேக்காமயாங்க?”