மாமாவின் படகை அரித்தது யார்?

அன்பும் கோபமும் சரிபாதியாய் நிறைந்த மாமா அவர்களுக்கு, தங்கள் அக்கா மகன் குனிந்து எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும், முக்கியமாகத் தங்களுக்கும், அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை பத்து இருபதுக்குத் தங்கள் அலுமினியப் படகு ஏரியில் இறங்கி, முழுசாக ஒரு மணி நேரம் மிதந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கரை திரும்பியது! படகு மிதப்பதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். போன மாதம் அது மிதந்ததைவிடக் குடித்ததுதான் அதிகம்.

இங்கே அம்மா நலம். அக்கா உடம்பால் நலம், மனசால் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் தொலைந்துபோன செம்புத் தண்ணீர் பாட்டிலுக்காக இன்னமும் என்னையே முறைக்கிறாள். சாட்சி கிடையாது, வெறும் சந்தேகம்.

"இன்னொரு தடவை ஒழுகினா பழைய சாமான் கடையில எடைக்குப் போட்டுடுங்க" என்று நீங்கள் போனில் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? இந்த லீவில் ஸ்டியரிங்கை என் கையில் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எடைக்குப் போட்ட படகை எந்தப் பக்கம் திருப்புவது? உடனே துப்பறியக் கிளம்பினேன். படகை முட்டுக்கட்டைமேல் ஏற்றி, அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தால், மிளகு அளவில் ஏழு ஓட்டை, ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளைப் பொடி, யாரோ படகைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுவிட்ட மாதிரி! பக்கத்திலேயே, அரிப்பு வராமலிருக்க வெல்டர் அண்ணன் போன வருஷம் திருகிவைத்த துத்தநாகக் கட்டிகள், சாம்பல் நிறத்தில் ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு, தேயாமல் கொள்ளாமல் சுகமாக இருக்கின்றன. ஒன்றைக் கழற்றிக்கொண்டு என்ஜின் கடை ஆன்ட்டியிடம் ஓடினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"டேய், இது கடல் தண்ணிக்குடா. ஏரில போட்டா தூங்கிடும். நல்ல தண்ணிக்கு மெக்னீசியம்தான். அரிப்பு வந்தா அது தன்னைத் தின்னக் குடுத்துட்டு, படகைக் காப்பாத்தும்."

"அக்காவுக்கு விழுற திட்டை நான் குறுக்க புகுந்து வாங்கிக்கிறேனே, அந்த மாதிரியா ஆன்ட்டி?"

"நீ வாங்குறது எல்லாமே உனக்கு வந்த திட்டுதான். போய் வேலையைப் பாரு."

கேஸ் முடிந்தது மாமா! குற்றவாளி துத்தநாகம், கூட்டாளி வெல்டர். வீட்டில் வந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அம்மா அவரை வரவழைத்து, "எந்தத் தண்ணிக்கு எது வைக்கணும்னுகூடத் தெரியாதாப்பா? ஓட்டையை அடைச்சுட்டுக் கிளம்பு, இனிமே நம்ம வேலைக்கு வராதே" என்று சொல்லிவிட்டார். அவர் "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லி ஏழையும் அடைத்துக் கொடுத்தார். என் கண்டுபிடிப்பு படகுத்துறை முழுக்கப் பரவி, இன்னும் இரண்டு வீட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள் என்றால் பாருங்களேன்! அதன்பிறகு கட்டி வைக்கும் இடத்தை நானே உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, மெக்னீசியக் கட்டிகளை முறுக்கிப் பொருத்தி, படகுக்குப் பெயின்டும் அடித்தேன். அழகுக்காகக் கட்டிகளுக்கும் ஒரு கோட் இழுக்கப் போனபோது ஆன்ட்டி பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு, "மாத்திரையைக் கவரோட முழுங்குவியாடா?" என்றார். வாழ்நாளில் என்மேல் விழுந்த ஒரே நியாயமான திட்டு அது.

அத்தைக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு முத்தம், தங்களுக்கு நீண்ட ஆயுளும் நீளமான பொறுமையும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
படகைக் காத்த மருமகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் வெல்டர் அண்ணன் வந்தார் மாமா. துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார்.

"ஒட்டுப் போட படகுக்குள்ள இருந்த அடிப்பலகையைத் தூக்கினேன் தம்பி, அப்ப கிடைச்சுது. உங்க அக்கா பேரு போட்டிருக்கு. நான் சொன்னா நல்லா இருக்காது, நீயே சொல்லிடு."

அக்கா என்னை அம்மாவிடம் மாட்டிவிட்ட கோபத்தில், அவள் பாட்டிலை அந்தப் பலகைக்கு அடியில் ஒளித்துவைத்தவன் நான்தான். வைத்தேன், மறந்தேன். அங்கே தேங்கிய தண்ணீரில் செம்பு அலுமினியத்தோடு ஒட்டிக் கிடந்தால் அலுமினியத்தைத் தின்றுவிடுமாம், அண்ணன்தான் சொன்னார். வெளியே எந்தக் கட்டி வைத்தாலும் உள்ளே நடப்பதைத் தடுக்காதாம். அவர் போனபின் பாட்டிலை ஒட்டுகளின்மேல் படுக்கவைத்துப் பார்த்தேன். ஏழும் ஒரே வரிசை, சரியாகப் பாட்டில் நீளம். பாட்டிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்டியரிங் வேண்டாம் மாமா, தண்ணீர் இறைக்கும் வாளி போதும். வெல்டர் அண்ணனுக்கு நீங்களே ஒரு போன் போட்டுவிடுங்கள், அப்புறம் எனக்கு. அம்மாவிடம் வாயால் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி அம்மா கையிலேயே கொடுக்கப்போகிறேன். கவரை ஒட்டாமல்.