பிழை மாமா நிறுத்திய படம்

சுவிஸின் வின்டர்தூர் நகரத் தமிழரில் ஒரு படத்தையாவது நிம்மதியாக முடிவுவரை பார்த்தவர் எவருமில்லை. காரணம், பிழை மாமா.

எங்கள் மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுவோம். முன்வரிசையிலிருந்து மாமா, "நிப்பாட்டு!" என்பார். ஒருமுறை பக்திப் படம். "முருகன்ர கையில அம்மைப்பால் தழும்பு! எந்த ஆஸ்பத்திரியில குத்தினவை?" தன் கலியாண வீடியோவையே நிறுத்தி, "மாப்பிள்ளையின்ர தலைப்பா பிழை" என்றாராம். "மாப்பிள்ளையே பிழைதான், பேசாமப் பாருங்கோ" என்றாராம் மாமி.

இந்த மண்டபத்துக்குத்தான் அனியை அழைத்திருந்தேன். என் மகளின் கிண்டர்கார்ட்டன் தோழியின் தாய், ஆர்மீனியப் பெண். அன்றைய படமும் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தின் கதை. நூறு வருடங்களுக்கு முன் அரசே ஊர் ஊராக ஆர்மீனியரைப் பாலைவனத்துக்கு நடத்திச்சென்று சாகவிட்ட கதை. அனியின் பாட்டியின் தாய் சிறுமியாக அப்படி நடந்து தப்பியவர். அழைத்தது சரியா, விட்டிருக்கலாமா என்று எனக்கு நித்திரையே இல்லை. வாசலிலேயே மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சினேன்.

"மாமா, இண்டைக்கு மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

"ஓம் பிள்ளை, ஓம்."

திரையில் பெண்களும் பிள்ளைகளும் மணலில் நடந்தார்கள். மண்டபமே விம்மியது.

"நிப்பாட்டு!"

பக்கத்திலிருந்த நான் மாமாவின் கையைப் பிடித்திழுத்தேன்.

"அந்தப் பிள்ளையின்ர சட்டை முதுகைப் பாருங்கோ, இழுத்துப் பூட்டுற சிப்! அந்தக் காலத்தில ஏது சிப்?"

பின்வரிசையில் யோகன் அண்ணை எழும்பினார். "அப்ப முழுக்கக் கட்டுக்கதைதானே? நடக்கவேயில்லை எண்டும் ஆக்கள் சொல்லினம்."

என்ன சொல்கிறார்கள் என்று அனி ஜெர்மனில் கேட்டாள். "உடையைப் பற்றி" என்றேன். ஆனால் அந்தத் தொனி அவளுக்குப் பழக்கம் போலும். மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மாமா திரும்பினார். "டேய் யோகன், எங்கட சண்டையைப் பற்றி வந்த படத்தில, குண்டுக்கு ஒளியிற பங்கர் வாசல் பிழை எண்டு நிப்பாட்டினதும் நான்தான். அதுக்காக நீ பங்கருக்க கிடக்கேல்லையோ?"

"கிடந்தனான்தான்..."

"அப்ப இரு!"

யோகன் அண்ணை இருந்துவிட்டார். மாமா அனியைப் பார்த்து, தொழிற்சாலையில் பழகிய தன் ஜெர்மனில் முழங்கினார்: "க்ளைட் ஃபால்ஷ்! ஓமா ரிஷ்டிக்!"

சட்டை பிழை. பாட்டி சரி.

அனி சிரித்தாள், கண்ணீரோடு. மேலங்கியைக் கதிரையில் போட்டுவிட்டு, திரையைக் காட்டித் அப்படி நடந்து தப்பிய தன் பூட்டியின் பெயரை உரக்கச் சொன்னாள்: "ஷுஷான்!" முதலில் கைதட்டியவர் யோகன் அண்ணை. பிறகு மண்டபம் அதிர்ந்தது.

அடுத்த மாதம் அனி அழைக்காமலே வந்தாள். மாமாவுக்குப் பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டாள். என் கதிரையைக் கொடுத்தேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.